பழைய பெட்போர்ட் லொறியின் சிக்னலுக்கு எல்.ஈ.டி பல்ப்: மின்னாததற்குக் காரணம் பல்பில் இல்லை

தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அப்பாவின் 1960களைச் சேர்ந்த பெட்போர்ட் லொறி இலங்கையின் வன்னியில் பரந்தன் பக்கம் இன்றும் நெல் ஏற்றுகிறது. சிக்னல் பல்புகள் அடிக்கடி போகின்றன என்று நான்கிலும் எல்.ஈ.டி போட்டிருக்கிறார். சிக்னல் மின்னவே இல்லை, ஒரேயடியாக எரிந்துகொண்டு நின்றது. கடையில் சொன்னதைக் கேட்டு, சிக்னலை மின்ன வைக்கும் பிளாஷரில் இரண்டு கால் உள்ள புதியது ஒன்றை மாட்டினார். இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு லைற்றும் சேர்ந்து மின்னுகின்றன, டாஷ்போர்டில் இருக்கும் சின்ன லைற் எரிவதில்லை. போதாததற்கு, பகல் வெளிச்சத்தில் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியவில்லை. "பேசாமல் பழைய பல்பையே போடட்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

அவசரப்பட வேண்டாம் தம்பி. உங்கள் லொறியில் மூன்று தனித்தனிக் குறைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்திருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து உண்டு, செலவும் பெரிதில்லை. ஆனால் வரிசை முக்கியம். பல்பைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், நீங்கள் அதில் தொடங்கிவிட்டீர்கள். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

ஏன் ஒரேயடியாக எரிந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அது விளங்கினால் மற்றது தானாக விளங்கும்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் வந்தது லூக்காஸ் கொம்பனியின் எஃப்எல்5 பிளாஷர். சின்னத் தகர டப்பி போல உருண்டையாக இருக்கும். அடியில் பி (B), எல் (L), பி (P) என்று மூன்று கால்கள்: ஒன்று பற்றரிக்கு, ஒன்று சிக்னல் சுவிட்சுக்கு, மற்றது டாஷ்போர்ட் லைற்றுக்கு. உள்ளே மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். சிக்னலைப் போட்டதும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவும் அதோடு சேர்ந்த, மின்சாரத்தைக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டர் வழியாகவும்தான் பல்புக்குப் போகும். கம்பி சூடாகி நீளும். நீண்டதும் உள்ளே உள்ள தகடு போய் ஒட்டிக்கொள்ளும், பல்புகளுக்கு முழு மின்சாரமும் நேராகப் போகும், பளிச்சென்று எரியும். இப்போது கம்பியில் மின்சாரம் இல்லாததால் அது ஆறிச் சுருங்கும், தகடு விலகும், பல்ப் அணையும். பிறகு முதலிலிருந்து. அந்த "டிக் டிக்" சத்தம் இதுதான்.

இந்தக் கம்பியைச் சூடாக்குவது யார்? பல்ப் இழுக்கும் மின்சாரம்தான். பழைய சிக்னல் பல்ப் ஒன்று 21 வாட். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்கு 42 வாட். 12 வோல்ட்டில் அது 3.5 அம்பியர். பிளாஷரை அந்த 42 வாட்டுக்கு அளந்து செய்திருக்கிறார்கள். ஒரு பல்ப் போய்விட்டால் மின்னும் கதி மாறிவிடும், சாரதிக்கு அதுவே எச்சரிக்கை. நீங்கள் போட்ட ஒவ்வொரு எல்.ஈ.டியும் இரண்டு மூன்று வாட்தான் இழுக்கும். அரை அம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில் அந்தக் கம்பி சூடாகாது, தகடும் நகராது. ஆனால் ரெசிஸ்டர் வழியாக வரும் கொஞ்ச மின்சாரமே எல்.ஈ.டி எரியப் போதும். அதனால்தான் மின்னாமல் நின்று எரிந்தது. பிளாஷர் பழுதில்லை. அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். அந்த டப்பியை எறிந்துவிடாதீர்கள், துடைத்துக் கட்டி வையுங்கள். ஒரு நாள் லொறியைப் பழைய கோலத்துக்கே கொண்டுவர விரும்பினால் அது வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை எர்த், அதாவது மின்சாரம் லொறியின் சேசிஸ் (இரும்பு அடிச்சட்டம்) வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை.

பின் இடதுபக்க சிக்னலின் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். வன்னியில் ஓடிய லொறியானால் உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லுவேன்: செம்மண் புழுதி படிந்து காவி நிறமாகிப்போன உட்பக்கம், மூலையில் குளவி கட்டிய மண்கூடு, ஹோல்டரின் வாயில் பச்சையாகப் பூத்த களிம்பு. கண்ணாடியைச் சுற்றி இருந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். மாரி மழையில் தண்ணீர் உள்ளே போய் நிற்கும், கோடையில் புழுதி போய் அடையும். இந்த லைற் தன் இரும்பு உடம்பு வழியாகவே சேசிஸைத் தொட்டு எர்த் எடுக்கிறது. இடையில் துரு, அதன் மேல் பத்துத் தரம் அடித்த பெயின்ற். 60 வருட லொறியில் எத்தனை அடுக்குப் பெயின்ற் இருக்கும் என்று யோசியுங்கள்.

இதைச் சோதிக்கும்போது பழைய 21 வாட் பல்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கவனமாகச் செய்யுங்கள், பலர் தவறவிடும் இடம் இதுதான். எல்.ஈ.டியைப் போட்டு அளந்தால் மின்சாரம் குறைவு, கெட்ட எர்த்தும் நல்ல எர்த் மாதிரிக் காட்டும். பழைய பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது வோல்ட் அளக்கும் மீற்றரின் ஒரு முனையை பல்ப் ஹோல்டரின் உடம்பிலும் மற்ற முனையை பற்றரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் துருவில் தொலைகிறது.

திருத்துவது எளிது. ஹோல்டரை அரத்தாளால் இரும்பு மினுங்கும் வரை தேய்த்து, ஒவ்வொரு லைற்றிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்து, முனையில் வளையம் வைத்து, சேசிஸில் சுத்தமாக்கிய ஓரிடத்தில் நட் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். நான்கு லைற்றுக்கும் நான்கு வயர். இதைச் செய்யாமல் விட்டால் எல்.ஈ.டி வேறொரு விளையாட்டும் காட்டும்: பிறேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரியும். இரண்டும் ஒரே கெட்ட எர்த்தில் நிற்கும்போது பிறேக் லைற்றின் மின்சாரம் வேறு வழி தேடி சிக்னல் பல்புக்குள் புகுந்துவிடும். பழைய பல்ப் அந்தச் சிறு மின்சாரத்தைக் கண்டுகொள்ளாது, எல்.ஈ.டி கண்டுகொள்ளும்.

ரப்பருக்குக் கடை கடையாகத் திரிய வேண்டாம். பழைய சைக்கிள் ரியூப்பை அளவாக வெட்டி வைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

வயரின் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானிய முறைப்படி இடது சிக்னல் வயர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு. இணையத்தில் கிடைக்கும் படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். உங்கள் லொறியில் அதை நம்பி எதையும் வெட்ட வேண்டாம். போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கூட இங்கே வரவிடவில்லை, வயர் எங்கே வரும்? எரிந்துபோன வண்டியில் கழற்றிய வயர், வீட்டு வயர், கிடைத்த நிறம் கிடைத்த தடிப்பம் என்று முறுக்கி, மேலே ரியூப் கீலத்தைச் சுற்றித்தான் ஓட்டினார்கள். இரவில் விமானத்துக்குப் பயந்து லைற்றை மூடிக்கொண்டு ஓடிய வண்டிகளுக்கு சிக்னல் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களால்தான் இந்த லொறி இன்று நிற்கிறது. ஆனால் நிறம் எதையும் சொல்லாது. ஒவ்வொரு வயரையும் மீற்றர் வைத்துத் தேடி, இரண்டு முனையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி "இடது முன்", "வலது பின்" என்று எழுதிவிடுங்கள். முறுக்கிய முடிச்சுகளை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கப் போகும். அந்த நாள் வீணாகாது.

எர்த்தோடு சேர்ந்தது இன்னொன்று. பற்றரியின் எந்த முனை சேசிஸில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பொசிற்றிவ் முனையைத்தான் எர்த் ஆக வைத்தார்கள். எங்கள் ஊர்களில் ஓடும் ஒஸ்டின் ஏ40 கார்களும் அந்த இனம்தான். பழைய பல்புக்குத் திசை இல்லை, எப்படிப் போட்டாலும் எரியும். எல்.ஈ.டிக்குத் திசை உண்டு, எலெக்ட்ரோனிக் பிளாஷருக்கும் உண்டு. உங்களுடைய எல்.ஈ.டிகள் எரிவதைப் பார்த்தால் நெகற்றிவ் எர்த் ஆகத்தான் இருக்க வேண்டும், அல்லது இரு திசைக்கும் பொருந்தும் பல்ப் கிடைத்திருக்கிறது. ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பொசிற்றிவ் எர்த் என்றால், எல்லாவற்றையும் நெகற்றிவுக்கு மாற்றுவதுதான் நிம்மதி. ஆனால் அதில் டைனமோவுக்குத் திசை மாற்றிக் கொடுக்க வேண்டும், கொயில் வயர்களையும் அம்பியர் மீற்றர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். முன்பு செய்து பழகியவரை வைத்துச் செய்யுங்கள். அதோடு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பாருங்கள். பல்ப், பிளாஷர் இரண்டும் அதற்கேற்ப வாங்க வேண்டும்.

அடுத்தது பிளாஷர். நீங்கள் வாங்கிய இரண்டு கால் பிளாஷர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையே பல்ப் வழியாகத்தான் எடுக்கிறது. எல்.ஈ.டியோடு அது சில நாள் ஒழுங்காக ஓடும், சில நாள் அணைய வேண்டிய நேரத்திலும் மினுக்மினுக்கென்று விடும். மூன்று கால் உள்ளதை, எல்.ஈ.டிக்கு என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்றாவது கால் எர்த், அது தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், பல்ப் எத்தனை வாட் என்று பார்க்காது. காலில் பி அல்லது 49 என்றிருந்தால் பற்றரி, எல் அல்லது 49ஏ என்றிருந்தால் சுவிட்ச், ஈ அல்லது 31 என்றிருந்தால் எர்த். எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள், கால் நிற்கும் இடத்தைப் பார்த்து மாட்டாதீர்கள். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பிளாஷரில் பி காலும் எல் காலும் இடம் மாறி வருவதுண்டு. மின்னும் வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் இருக்க வேண்டும், 90 அளவில் நின்றால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பற்றரியிலிருந்து பிளாஷருக்கு வரும் வயரில் 5 அம்பியர் பியூஸ் ஒன்றையும் சேருங்கள். பழைய வண்டிகளில் பியூஸே அருமை.

கடையில் இன்னொரு வழியும் சொல்லுவார்கள்: ரெசிஸ்டர் போட்டால் பழைய பிளாஷரே வேலை செய்யும் என்று. செய்யும், அது பொய்யில்லை. பொன் நிற அலுமினியக் கூட்டுக்குள் வரும் அந்த 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 2 அம்பியர் இழுத்து 24 வாட்டைச் சும்மா சூடாக்கும். தொட்டால் விரல் பொசுங்கும். உங்கள் லொறியின் பின்பெட்டி பலகை, மேலே சாக்கு, மூலையில் வைக்கோல். அந்த இடத்தில் இப்படி ஒரு சூட்டை வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்.ஈ.டி போட்டுவிட்டு, மிச்சப்பட்டதைச் சூடாக்கி எறிவதில் பலனும் இல்லை.

இனி நான்கும் சேர்ந்து மின்னும் விஷயம். பார்க்கப் பேய் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணம் மிக எளிது. உங்கள் டாஷ்போர்டில் சிக்னலுக்கு ஒரே ஒரு சின்ன லைற். யாரோ ஒரு காலத்தில் அதன் ஒரு வயரை இடது சிக்னலிலும் மற்ற வயரை வலது சிக்னலிலும் கொழுவிவிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்த வண்டிகளும் நிறைய. இடது சிக்னல் போட்டால் மின்சாரம் சின்ன லைற்றுக்குள் புகுந்து, வலது பக்கத்து பல்ப் வழியாக எர்த்துக்குப் போய்விடும். வலது பல்பின் இழை தடிப்பு, அவ்வளவு சிறிய மின்சாரத்தில் அது சிவக்கக்கூடச் செய்யாது, ஒரு வயர் மாதிரிச் சும்மா இருக்கும். அந்த இடத்தில் இப்போது எல்.ஈ.டி. சின்ன லைற் வழியாக வரும் மின்சாரமே அதற்கு ஒரு விருந்து. ஆகவே எதிர்ப்பக்கமும் மின்னும், சின்ன லைற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய ஏற்பாட்டில் பல்ப் ஒரு வயராகவும் வேலை செய்தது. நீங்கள் அந்த வயரை எடுத்துவிட்டீர்கள்.

இதற்கு வேண்டியது இரண்டு டயோட். 1என்4007 என்று கேட்டால் ரேடியோ, ரீவி திருத்தும் எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குத் தருவார்கள். கறுப்பாக, நெல்மணியை விடக் கொஞ்சம் தடிப்பாக, ஒரு முனையில் வெள்ளிக் கோட்டோடு இருக்கும். மின்சாரம் கோடு இல்லாத பக்கத்தால் புகுந்து கோடு உள்ள பக்கத்தால்தான் வெளியே வரும், திரும்பிப் போகாது. சின்ன லைற்றின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். ஒன்றை எர்த்தில் பிடியுங்கள். மற்றதில் இரண்டு டயோட்டின் வெள்ளிக் கோட்டு முனைகளையும் சேர்த்து ஈயம் வையுங்கள். முதல் டயோட்டின் மறுமுனை இடது சிக்னல் வயருக்கு, இரண்டாவதன் மறுமுனை வலது சிக்னல் வயருக்கு. அவ்வளவுதான். இடதிலிருந்து வந்தாலும் வலதிலிருந்து வந்தாலும் சின்ன லைற் எரியும், ஆனால் இடதிலிருந்து வலதுக்குப் போக வழியில்லை. டயோட்டின் கால்கள் மெல்லியவை, லொறி அதிர்வில் முறிந்துவிடும். சுருங்கும் குழாயைப் போட்டு மூடி, வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பொசிற்றிவ் எர்த் வண்டியில் டயோட்டுகளைத் தலைகீழாகப் போட வேண்டும்.

டாஷ்போர்ட் லைற்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். பெட்போர்ட் எஞ்சின் சத்தத்தில் பிளாஷரின் டிக் டிக் காதில் விழாது. ஏ9 வீதியில் மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பப் போட்ட சிக்னலை ஒட்டுசுட்டான் வரை நிறுத்த மறந்து போகும் லொறிகளைக் கண்டிருக்கிறேன். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் என்ன நினைப்பார்?

கடைசியாக பல்ப். பகலில் தெரியவில்லை என்றீர்கள். நீங்கள் வெள்ளை எல்.ஈ.டி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செம்மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வைத்தால் போதும் என்று தோன்றும், பழைய பல்பில் அது சரிதான், அந்த இழையின் வெளிச்சமே மஞ்சளும் சிவப்பும் நிறைந்தது. வெள்ளை எல்.ஈ.டியில் நீலம் அதிகம், செம்மஞ்சள் கண்ணாடி அந்த நீலத்தையெல்லாம் தடுத்துவிடும். உள்ளே கண்ணைப் பறிக்கும், வெளியே வெளிறிப்போய் நிற்கும். கண்ணாடி என்ன நிறமோ எல்.ஈ.டியும் அதே நிறம்: சிக்னலுக்குச் செம்மஞ்சள், பிறேக்குக்குச் சிவப்பு.

இரண்டாவது, வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பது. இழை நாலாபக்கமும் வெளிச்சம் விடும், விளக்கின் உட்புறம் அதை வாங்கி வெளியே தள்ளும். நுனியில் மட்டும் எல்.ஈ.டி உள்ள பல்ப் நேராகப் பார்த்தால் குத்தும், பக்கத்தில் நின்றால் தெரியாது. சுற்றிவர எல்.ஈ.டி உள்ளதாக வாங்குங்கள். விளக்கின் உட்புறம் காவியாகிப் போயிருந்தால் கழுவிக் காயவிட்டு வெள்ளை எனாமல் அடியுங்கள். புதிய பல்ப் வாங்குவதை விட இது சில வேளை அதிக வெளிச்சம் தரும்.

பல்பின் அடியையும் பாருங்கள். சாதாரண சிக்னல் பல்ப் பிஏ15எஸ், கடையில் 1156 அல்லது 382 என்பார்கள். அடியில் ஒரு புள்ளி, பக்கத்தில் நேரெதிரே இரண்டு முளை. இரண்டு புள்ளி உள்ளது பிறேக் லைற்றும் பார்க் லைற்றும் சேர்ந்தது, அது 1157 அல்லது 380. புதிய செம்மஞ்சள் பல்புகள் சிலவற்றில் முளைகள் நேரெதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்கும். அவை உங்கள் ஹோல்டரில் பூட்டாது, அரத்தால் தேய்த்துப் பூட்ட முயலாதீர்கள். பெட்டியில் 50 வாட், 80 வாட் என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். மீற்றரை இடையில் வைத்து எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். கால் அம்பியர் இழுத்தால் அது 3 வாட் பல்ப், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

எல்லாம் பூட்டிய பிறகு நண்பகலில் லொறியை வெயிலுக்கு நிறுத்தி, 30 அடி பின்னுக்குப் போய்ப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் வந்து, ஒரு மோட்டார் சைக்கிள் முந்த வரும் இடத்தில் நின்று பாருங்கள். இந்த இரண்டு இடத்திலிருந்தும் பழைய 21 வாட் பல்ப் அளவுக்குத் தெரியாவிட்டால், அந்த எல்.ஈ.டியைக் கழற்றிவிட்டுப் பழையதையே போடுங்கள். நான் எல்.ஈ.டியின் பக்கம்தான். கிரவல் வீதியில் குலுங்கி இழை அறுவதில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சரியாகச் சார்ஜ் பண்ணாது, மாரியில் வைப்பரும் ஹெட்லைற்றும் போட்டு நிற்கும் நேரத்தில் சிக்னலுக்கு 42 வாட் கொடுக்க அது திணறும். அப்போது எல்.ஈ.டி பெரிய உதவி. ஆனால் மாசி அறுவடையில் நெல் மூட்டை அடுக்கிப் பொழுதுபட்ட பிறகு போகும் லொறிக்குப் பின்னால் லான்ட்மாஸ்டரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) சைக்கிளும் வரும். அவர்கள் காண்பதுதான் கணக்கு.

முதலில் பின் இடது விளக்கில் பழைய பல்பைப் போட்டு, மீற்றர் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள். பற்றரியின் எந்த முனை சேசிஸில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அது வரும் வரை வேறெதையும் வாங்க வேண்டாம்.